விலாசம் என்ற இடத்தில் உன் வீடு

இன்று காலை கடையைத் திறந்ததும், என்னிடம் தைக்கிற பெண் ஒரு மனுவை எடுத்து வெட்டு மேசைமேல் விரித்தாள். குடும்ப வன்முறைச் சட்டத்தில் பாதுகாப்புக் கேட்டு மாஜிஸ்திரேட் கோர்ட்டில் போடுகிற மனு. எல்லாம் நிரப்பியிருந்தாள், விலாசம் மட்டும் காலி. "ஃபிரெண்டு வீட்டுக்கு வந்து பத்து நாள்தான்க்கா ஆவுது. வந்தவாசி புருஷன் வீட்டு அட்ரஸையே போட்டுரட்டுமா?" என்றாள். பிடுங்காத குறையாக அவள் கையிலிருந்து பேனாவை வாங்கினேன். நீ இப்போது தங்கியிருக்கிற இடம், பத்து நாள் தங்கலாக இருந்தாலும் சரி, நீ வேலை பார்க்கிற இடம், அவன் இருக்கிற இடம், அடி விழுந்த இடம், இதில் எந்த இடத்துக் கோர்ட்டும் உன் மனுவைக் கேட்கலாம் என்று சொல்லி, ஆதம்பாக்கத்தில் அந்த ஃபிரெண்டு வீட்டு விலாசத்தை எழுதவைத்துத்தான் அனுப்பினேன். அவள் போனபிறகு உட்கார்ந்து அழுதேன். இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

அந்தத் தொண்ணூறுகளில் நமக்கு இப்படி ஒரு சட்டம் இல்லை. தி. நகர் பிளவுஸ் கடையில் நான் புதிதாக மெஷினில் சேர்ந்திருந்தேன், நீ எனக்கு எதிரே உட்கார்ந்து ஹூக் வைப்பாய், எம்மிங் செய்வாய். சேலத்தில் புருஷன் வீட்டை விட்டு ஒரு பையோடு வந்திருந்தேன். ஆழ்வார்பேட்டையில் பெரியப்பா மகன் வீட்டில் நாலு நாள் சோறு போட்டார்கள். ஐந்தாம் நாள் அண்ணி சேலத்துக்கு எத்தனை ரயில் இருக்கிறது என்று என் காதுபட விசாரிக்க ஆரம்பித்தாள். டீ குடிக்கும்போது என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாய். "வாமே" என்று கோட்டூர்புரம் பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிப் போனாய். குடிசை மாற்று வாரியம் ஒதுக்கிய ஒற்றை அறை போர்டு வீடு. ஆட்டோ ஓட்டுகிற உன் வீட்டுக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார். தன் பாயைச் சுருட்டிக்கொண்டு போய் வெளியே நடையில் போட்டுக்கொண்டார்.

பக்கத்து வீடுகளில் கேட்டால், ரெண்டு நாள் விருந்தாளியாக வந்திருக்கிறேன் என்பேன். வேறென்ன சொல்ல? வாழாமல் வந்தவள் என்று சொல்லிக்கொள்ள வெட்கம். "உன் ரெண்டு நாளுல தீபாவளி, பொங்கல் எல்லாம் போயிடுச்சி" என்று நீ கிண்டல் செய்வாய்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் என் புருஷன் தேடி வந்தான். என் முடியைப் பிடித்து மாடிப்படி வரை இழுத்தான். நீ எண்ணெய் சொட்டும் கரண்டியோடு ஓடி வந்தாய், உன் பின்னால் மாடிப் பெண்கள் எல்லாரும் வந்தார்கள். திரும்பவும் வருவேன் என்று சொல்லிவிட்டுத்தான் அவன் படி இறங்கினான்.

மயிலாப்பூரில் ஒரு வக்கீலம்மாவிடம் என்னைக் கூட்டிப் போனதும் நீதான். கல்யாணம் நடந்தது, சேர்ந்து வாழ்ந்தது, அவன் இருப்பது எல்லாமே சேலம் என்பதால் விவாகரத்தென்றால் அங்கேதான் போகவேண்டும் என்றார் அவர். அந்த ஊரில் தெருவுக்குத் தெரு அவன் ஆட்கள். கோர்ட் வாசலிலிருந்தே என்னைத் தூக்கிப் போய்விடுவார்கள். ஆனால் அவன் இங்கே வந்து கைவைத்திருக்கிறான், அதனால் கிட்டே வரக்கூடாதென்று இங்குள்ள குடும்ப நீதிமன்றத்திலேயே தடை கேட்டுப் பார்க்கலாம் என்று அவரே சொன்னார். அதற்குப் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

அந்த மூச்சை நானே கெடுத்துக்கொண்டேன். குமாஸ்தா விலாசம் கேட்டபோது சேலத்து விலாசத்தைச் சொன்னேன். கல்யாணமானவளுக்குப் புருஷன் வீட்டைத் தவிர வேறு விலாசம் உண்டென்று எனக்குத் தோன்றவே இல்லை. பத்து நாளில் மனு திரும்பி வந்தது. மனுதாரர் சேலத்தில் வசிப்பவர் என்றால் இந்த நீதிமன்றம் எப்படி விசாரிக்க முடியும் என்று அதில் எழுதியிருந்தது. வக்கீலம்மா திட்டவில்லை. நீ விடுவாயா? லஸ் பஸ் ஸ்டாப்பில் அத்தனை பேர் நடுவே பிடித்துக்கொண்டாய்.

"அவன் வூட்ட வுட்டு ஓடியாந்துட்டு அவன் வூட்டு அட்ரஸையே குடுத்துக்கினு கீற. எங்க பட்த்து எயிந்துக்கிறியோ அதாம்மே உன் அட்ரஸ்."

உன் விலாசத்தைப் போடலாம் என்றால் அதிலும் ஒரு சிக்கல். வெளியாள் தங்கியிருப்பது கோர்ட்டுக் காகிதத்தில் ஏறினால் வீட்டின் அலாட்மெண்டையே ரத்து செய்துவிடுவார்கள் என்று கீழ்வீட்டு அம்மாள் பயமுறுத்தினாள். உனக்கென்று இருந்தது அந்த ஒற்றை அறைதான். நான் ஏதாவது ஹாஸ்டல் பார்த்துக்கொண்ட பிறகு மனுவைப் போடலாம் என்று வக்கீலம்மாவிடம் சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் நீ எனக்குத் தெரியாமல் உன் ரேஷன் கார்டை எடுத்துப் போய் விலாசத்துக்கு அத்தாட்சியாக அவரிடம் கொடுத்தாய். திரும்பி வந்த மனுவில் உன் விலாசத்தைத் திருத்திப் போடவும், சாட்சியாக உன் பெயரை எழுதவும் சொன்னாய். விசாரணை நாள் வரை எனக்கு இது தெரியாது.

அவன் வக்கீல் உன்னை மடக்கப் பார்த்தார். இந்தப் பெண் உங்கள் வீட்டுக்கு விருந்தாளியாகத்தானே வந்திருக்கிறாள், அவளே ஊரெல்லாம் அப்படித்தானே சொல்லியிருக்கிறாள் என்றார். நான் கூனிக்குறுகிப் போனேன். உன் குரல் மட்டும் கொஞ்சமும் ஆடவில்லை.

"விருந்தாளின்னா திரும்பிப் போவாங்க சார். இது போவாது. எங்க வூட்லதான் கீது."

நீதிபதி அதை எழுதிக்கொண்டார். உன் வீட்டுப் பக்கமும் நம் கடைப் பக்கமும் அவன் வரக்கூடாது என்று தடை கிடைத்தது. அவன் அதற்குப் பிறகு வரவில்லை. அலாட்மெண்டைப் பற்றியும் யாரும் வந்து கேட்கவில்லை. ஆனால் ஆறு மாதம் வரை, கையில் ஃபைலோடு யாராவது மாடி ஏறினால் உன் முகம் வெளுத்துப் போகும். என்னைப் பார்த்ததும் சிரிப்பாய். எனக்கு அது தெரியாது என்று நீ நினைத்திருந்தாய். தெரியும். அன்றே உன் கையைப் பிடித்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கவேண்டும். சொன்னால் திட்டுவாய் என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

நீ போன அன்று, சேதி கேட்டு நான் ஓடி வந்தபோது வீடு முழுக்க உன் பிறந்த வீட்டுப் பெண்கள். என்னை யாருக்கும் தெரியவில்லை. யார் நீ, என்ன உறவு என்று வாசலிலேயே கேட்டார்கள். மூலையில் உட்கார்ந்திருந்த உன் வீட்டுக்காரர் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"வுடுங்க, உள்ள வரட்டும். அது எங்க வூட்டு ஆளு. கோர்ட்லயே எயுதி கீது."

பெண்கள் நகர்ந்து உட்கார்ந்தார்கள். உன் தலைமாட்டில் எனக்கு இடம் கிடைத்தது.