சிரிக்கிற முகம்

ஜூலை 3

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் நலம். ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்று கேட்டால் பொய்தான் சொல்வாய், அதனால் கேட்கவில்லை. "போன்ல பேசக் கூடாதா, இந்தக் காலத்துல யாரு தபால் போடுறா" என்று நீ முணுமுணுப்பது இங்கே கேட்கிறது. நாள் முழுக்கத் திரையைப் பார்த்துப் பாடம் நடத்துகிறவளுக்குக் காகிதம்தான் கண்ணுக்குக் குளிர்ச்சி.

நீ எழுதிய செயலி எங்கள் பள்ளிக்கும் வந்துவிட்டது. காலையில் சிரிக்கிற முகம், சும்மா இருக்கிற முகம், அழுகிற முகம் மூன்றில் ஒன்றைத் தொட்டால்தான் பிள்ளைகளுக்கு வகுப்பு திறக்கிறது. என் தம்பி செய்தது என்று எல்லோரிடமும் பீற்றிக்கொண்டேன். சின்ன வயதில் உன்னிடம் யாரும் கேட்காததை நீ இந்தப் பிள்ளைகளிடம் கேட்கிறாய்.

என் ஏழாம் வகுப்பில் ஒரு பெண், வாயாடி என்றுதான் கூப்பிடுவேன். பாடம் நடத்த விடமாட்டாள், அவ்வளவு கேள்வி. போன வாரம் ஒருநாள் அழுகிற முகத்தைத் தொட்டாள். வகுப்பு முடிந்ததும் பேசலாம் என்றிருந்தேன், அதற்குள் போய்விட்டாள். மறுநாளிலிருந்து சிரிக்கிற முகம்தான். ஆனால் வாயே திறப்பதில்லை, கேமராவையும் அணைத்து வைத்திருக்கிறாள். என்ன என்று உனக்கு ஏதாவது புரிகிறதா?

உன் அக்கா


ஜூலை 11

அன்புள்ள அக்காவுக்கு,

சாப்பிடுகிறேன். நம்பினால் நம்பு.

வாயாடியைப் பற்றிக் கவலைப்படாதே, செயலி வேலை செய்திருக்கிறது. அழுகிற முகத்தைத் தொட்டதும் வீட்டு எண்ணுக்கு ஒரு செய்தி போகும்: 'உங்கள் குழந்தை வருத்தமாக இருக்கிறது. பேசுங்கள்.' வீட்டில் பேசியிருப்பார்கள், சரியாகியிருக்கும். உன் வகுப்பில் இப்போது எல்லாமே சிரிக்கிற முகம். கூட்டத்தில் மேலாளர் உன் வகுப்பைத்தான் போட்டுக் காட்டினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

விடுமுறைக்கு வருகிறேன். மாடி அறையில் இருக்கும் உன் புத்தக மூட்டைகளை எடுத்துவிடு, போன முறை கால் நீட்ட இடமில்லை.

உன் தம்பி


ஜூலை 17

தம்பி,

உன் கடிதம் படித்ததும் அவள் வீட்டுக்குப் போனேன். தச்சுப் பட்டறைக்குப் பின்னால் ஒற்றை அறை. அம்மா திரும்பிப் பார்க்காமல் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அப்பா மரியாதையாக எழுந்து நாற்காலி போட்டார், மின்விசிறியை என் பக்கம் திருப்பினார். வீட்டில் இருப்பது ஒரே போன், அவருடையது. அதில்தான் அவள் படிக்கிறாள், அதற்குத்தான் உன் செய்தியும் வந்திருக்கிறது.

"பார்த்தேன் டீச்சர். என்னமோ இங்க சோறே போடாத மாதிரி ஊருக்குச் சொல்லியிருக்கா. அன்னைக்கே பேசிட்டேன். அதுக்கப்புறம் பாருங்க, தினம் சிரிச்ச முகம்தான்" என்றார்.

நான் பேசும்போதெல்லாம் வாயாடி தலையைத் திருப்பி வலது காதைக் கொடுத்தாள். இடது பக்கம் மஞ்சளாகக் கன்றியிருந்தது. அது எப்படி வந்தது என்று நம் வீட்டில் வளர்ந்த எனக்கு யாரும் சொல்ல வேண்டாம். நம் அப்பா வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும் உன் வாயைப் பொத்துவேனே, ஞாபகம் இருக்கிறதா? அந்த நாளில் இப்படி ஒரு செய்தி அவருக்குப் போயிருந்தால் நீ என்ன ஆகியிருப்பாய்?

தலைமையாசிரியை "வீட்டு விவகாரம்மா அது" என்று கையை விரித்துவிட்டார். எனக்கு இருப்பது நீதான். செய்தி வீட்டுக்குப் போகாமல் எனக்கு வரும்படி மாற்று. வாசல் வரை வந்தவளிடம், "அடுத்த வாரத்திலேர்ந்து எனக்கு மட்டும்தான் வரும். என் தம்பி மாத்திக் கொடுப்பான்" என்று சொல்லிவிட்டேன். "நிஜமாவா டீச்சர்?" என்றாள். அன்றைக்கு அவள் கேட்ட ஒரே கேள்வி அதுதான்.

என் வாக்கைக் காப்பாற்று.

அக்கா


ஜூலை 25

அன்புள்ள அக்காவுக்கு,

மேலாளரிடம் சொன்னேன். செய்தி வருவதால்தான் பெற்றோர் நம்மை நம்புகிறார்கள், அடுத்த பருவத்தில் பார்க்கலாம் என்கிறார். நானாகச் சத்தமில்லாமல் மாற்றிவிடலாம். தெரிந்தால் வேலை போய்விடும். கொஞ்சம் பொறு. அதுவரை அவளைச் சிரிக்கிற முகத்தையே தொடச் சொல்.

நம் அப்பாவை இதில் இழுக்காதே. மறக்க நான் பட்ட பாடு உனக்குத் தெரியும்.

உன் தம்பி


ஆகஸ்ட் 2

தம்பிக்கு,

உன் கடிதம் திங்கள் மாலை வந்தது. அவள் காலையிலேயே தொட்டுவிட்டாள்.

பட்டியலில் அழுகிற முகத்தைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நீ மாற்றிவிட்டாய், என்னை நம்பிச் சொல்கிறாள், வகுப்பு முடிந்ததும் கூப்பிடலாம் என்று பாடத்தைத் தொடர்ந்தேன். பாதியில் திரையில் அவளுடைய கட்டம் மட்டும் மறைந்துபோனது. உன்னைப் போனில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அக்கா சொன்னால் செய்வாய் என்று இருந்துவிட்டேன்.

பட்டறை ஆட்கள் கதவை உடைத்து அவளைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். அந்த ஆளைப் போலீஸ் கொண்டுபோய்விட்டது. உயிருக்குப் பயமில்லையாம். இடது காது இனி கேட்காது. பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை, அவளாகத்தான் பேசவில்லை என்கிறார் மருத்துவர்.

நேற்று போய்ப் பார்த்தேன். என்னைக் கண்டதும் உதட்டை இழுத்துச் சிரித்தாள். "வலிக்குதாம்மா?" என்றேன். சிரித்தாள். ஊசி போட்டபோதும் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

விடுமுறைக்கு வருகிறேன் என்று எழுதியிருந்தாய். வர வேண்டாம். மாடி அறையில் புத்தகங்களை எடுத்துவிட்டேன். அவளும் அவள் அம்மாவும் அங்கே இருக்கப்போகிறார்கள்.

இப்படிக்கு,
ஏழாம் வகுப்பு ஆசிரியை