தகடு தட்டும் கை

12-3-1971, வெள்ளி

இன்று சோதனையில் எங்கள் டிரான்ஸ்பார்மர் தோற்றுவிட்டது. சும்மா நிற்கும்போதே மின்சாரத்தைக் குடிக்கிறது. மின்வாரியத்துக்கு இப்போது வீணாக்காத டிரான்ஸ்பார்மர்தான் வேண்டும். ஊருக்கு ஊர் பம்புசெட் வருகிறது. எத்தனை செய்தாலும் எடுத்துக்கொள்வார்கள். அதை நம்பித்தான் முதலாளி டிரான்ஸ்பார்மருக்குள் அடுக்கும் இரும்புத் தகட்டில் விலை கூடிய புது ரகம் வாங்கினார். அந்தத் தகடு அடி தாங்காது. தட்டினால் அதன் குணமே கெட்டு, மின்சாரத்தைக் குடிக்க ஆரம்பித்துவிடும்.

தகடு அடுக்குவது என் மனைவியின் தம்பி காசி. அம்பத்தூரில் அவனைப் போல் அடுக்க ஆளில்லை. ஆனால் பழைய பழக்கத்தில் மரச்சுத்தியால் ஓரத்தைத் தட்டிக்கொண்டே இருப்பான். எல்லோர் முன்னாலும் அவனிடம் கத்திவிட்டேன்.

“தட்டாம எப்டி மாமா தகடு உக்காரும்?” என்றான். முகம் சுண்டிப்போயிற்று.

திங்கட்கிழமை வாரியத்து இன்ஜினியர் வருகிறார். அன்றும் தோற்றால் ஆர்டர் பக்கத்து ஊரான பாடியில் இருக்கும் கம்பெனிக்குப் போய்விடும். நாளை எல்லாவற்றையும் பிரித்து மறுபடி அடுக்க வேண்டும். காசியைத் தவிர வேறு யாரையும் தொடவிட எனக்கு மனமில்லை.

சாயங்காலம் அவனே வீட்டுக்கு வந்தான். துண்டில் சுற்றிய சுத்தியை என் மனைவியிடம் நீட்டினான்.

“இத்த உன் ஊட்லயே வெச்சிக்க அக்கா. என் கைல கீற வரைக்கும் தட்டிக்கினேதான் இருப்பேன்.”

 அவனை இழுத்து உட்காரவைத்துச் சாப்பிடச் சொன்னேன். நடுவில் சப்பாத்தி அடுக்கியிருந்தது. பேசிக்கொண்டே அந்த அடுக்கின் ஓரத்தை உள்ளங்கையால் தட்டித் தட்டிச் சரிசெய்துகொண்டிருந்தான். அவனுக்கே அது தெரியவில்லை. நானும் அவளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

சுத்தியை வாங்கி வைத்துவிட்டோம். கையை எங்கே வாங்கி வைப்பது?