மாலையோடு அளந்த போர்டு

டோர்ட்மண்ட்,
18-11-1973

சௌபாக்யவதி கிரிஜாவுக்கு அப்பா எழுதுவது. நாங்கள் இருவரும் சௌக்கியம், கோயமுத்தூரில் நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும். முக்கியமான செய்தி ஒன்று. இவ்வூர் நகராட்சி மூன்று வாரம் ஆலோசித்து, இரண்டு முத்திரை குத்தி, நம் வாசலில் இருந்த தையல் போர்டின் நீளம் எழுபத்தொரு சென்டிமீட்டர் என்று தீர்மானித்துவிட்டது. உண்மையில் அது இருபத்தொன்பது. குடியிருப்புத் தெருவில் வீட்டிலேயே தொழில் செய்கிறவர்கள் முப்பதுக்கு மேல் போர்டு மாட்டக்கூடாது என்பதால், வம்பே வேண்டாமென்று ஒன்று குறைத்து நானே அறுத்து, உன் அம்மா பெயரை எழுதி மாட்டியது.

ஆயுத பூஜையன்று மெஷினுக்கும் கத்தரிக்கோலுக்கும் பொட்டு வைத்த கையோடு அம்மா போர்டுக்கும் வைத்தாள். மஞ்சள் சாமந்தி வாங்கி மாலை கட்டி இரண்டு பக்கமும் வழியவிட்டாள். இங்கே அது கல்லறைக்கு வைக்கிற பூ என்று எங்களுக்குத் தெரியாது. மாடி வீட்டு ஷூல்ட்டே அம்மாள் கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு வந்து, யார் போனது என்று கேட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். யாரும் போகவில்லை, மெஷினுக்குப் பூஜை என்றேன். அப்படியானால் இது விளம்பரம் என்று சொல்லிவிட்டுப் போய் நகராட்சிக்கு எழுதினாள். வந்த அதிகாரி மரியாதையானவர், பூவும் போர்டில் சேர்த்தியா என்று கேட்டார். பூவும் பொட்டும் இல்லாவிட்டால் அது வெறும் பலகை, சேர்த்திதான் என்று சொல்லுங்கோ என்றாள் அம்மா. நானும் பிசகாமல் மொழிபெயர்த்தேன். அவர் டேப்பை எடுத்தார்.

மாலையை எடுத்துவிடுகிறோம் என்று மனு போட்டேன். போர்டையே கழற்றுங்கள், மறுபடி மாட்ட வீட்டுக்காரர் கையெழுத்து வேண்டும் என்று பதில் வந்தது. வீட்டுக்காரர் யோசிக்கிறார். இங்கு வந்து பதினாலு மாதம் உன் அம்மாவோடு ஒருவரும் பேசியதில்லை. போர்டு மாட்டிய பிறகுதான் பாவாடை குறைக்கவும் ஜிப் மாற்றவும் நாலு பெண்கள் வந்தார்கள், காபி குடித்தார்கள், அவளும் ஜெர்மன் பேச ஆரம்பித்தாள். இப்போது காலையில் இரண்டு டம்ளர் எடுத்து வைத்து, பத்து மணிக்கு ஒன்றைத் திரும்ப அலமாரியில் வைக்கிறாள். ஓடாத மெஷினுக்குத் தினம் எண்ணெய் எதற்கு என்று கேட்டேன். உங்க லேப் வேலையைப் பாருங்கோ என்றாள்.

உனக்கு ஆறாம் மாதம், பஸ்ஸில் நின்றுகொண்டு போகாதே. இரும்பு மாத்திரையை விடாதே. பெருமாள் அருளால் எல்லாம் சுகமாக நடக்கட்டும், இருவருக்கும் எங்கள் ஆசீர்வாதம். மறக்காமல் இனி உறைமேல் என் லேப் விலாசம் எழுது. வாசலில் நம் பெயர் அந்தப் போர்டில் மட்டும்தான் இருந்தது. பெயரைக் காகிதத்தில் எழுதி ஒட்டலாமா என்று கேட்டு இன்னொரு மனு போட்டிருக்கிறேன். தபாலாபீசில் விசாரித்தேன், உன் தீபாவளிக் கடிதத்தை, இந்த வீட்டில் அப்படி யாரும் இல்லை என்று முத்திரை குத்திப் புதுத் தபால்காரர் திருப்பி அனுப்பிவிட்டார்.

இப்படிக்கு
அப்பா பார்த்தசாரதி