பையில் ஒரு கறுப்புக் குதிரை

போன ஞாயிற்றுக்கிழமை ஈஜிபுராவில் பஸ் ஏறினேன். பெண்களுக்கான இலவச டிக்கெட்டுக்கு ஆதார் அட்டையைக் காட்ட வேண்டும் அல்லவா, பைக்குள் கையை விட்டுத் துழாவினேன். கண்ணாடிக் கூடு, மாத்திரை அட்டை, கைக்குட்டை எல்லாவற்றுக்கும் அடியிலிருந்து அட்டையை இழுத்தபோது கூடவே உன் குதிரையும் வந்து கண்டக்டரின் உள்ளங்கையில் விழுந்தது. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "குதுரெகெ ஃப்ரீ இல்ல, அஜ்ஜி" என்றார். குதிரைக்கு இலவசம் இல்லையாம், பாட்டி. முன் சீட்டில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நீ இருந்திருந்தால் அந்த 'அஜ்ஜி'க்கு அவரை அடுத்த ஸ்டாப் வரை சும்மா விட்டிருக்கமாட்டாய்.

ஒரு காது உடைந்த கறுப்புக் குதிரை. நம்மிடம் இருந்த எந்த செஸ் செட்டையும் சேர்ந்ததல்ல. உன் அடக்கமெல்லாம் முடிந்த பிறகு உன் மகள் என் வீட்டுக்கு வந்து, "ஆன்ட்டி, இது அம்மா பர்ஸ்ல இருந்துச்சு, எந்த செட்டோடதுன்னே தெரியல" என்று நீட்டினாள். எனக்குத் தெரியும். சிவாஜிநகரில் ஒரு பழைய சாமான் கடையில் இந்த ஒற்றைக் குதிரைக்காக நீ பேரம் பேசி நின்றபோது குடை பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவள் நான்தானே.

அன்று நான் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தது உன் நினைவுப் போட்டிக்கு. அல்சூரில் நாம் ஞாயிறுதோறும் ஆடிய நல மன்றத்து மாடி அறையில் நடத்தினார்கள். இந்த மடலை எழுதுவதற்கும் அதுதான் காரணம். அவர்கள் உன்னை ஒரு சாதுவாக்கப் பார்க்கிறார்கள். அதை நான் ஒப்புக்கொள்வதாக இல்லை.

வாசலிலேயே ஃப்ளெக்ஸ். உன் படம், சுற்றிலும் ரோஜாப்பூ, கீழே 'அமைதியின் வடிவம், பொறுமையின் சிகரம்' என்று எழுத்து. எனக்கு முதலில் வேறு யாருடைய ஃப்ளெக்ஸையோ கட்டிவிட்டார்கள் என்றுதான் தோன்றியது.

நாம் இருவரும் ஒரே பள்ளியில் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். நான் கணக்கு, நீ பூகோளம். பாடவேளை காலியாக இருந்தால் ஸ்டாஃப் ரூம் மேசையில் டிபன் பாக்ஸ்களை ஒதுக்கிவிட்டுப் பலகையை விரிப்போம். முதல் நாளே நீ கறுப்பை எடுத்துக்கொண்டாய். வெள்ளைக்குத்தானே முதல் நகர்த்தல், அதுதானே வசதி என்று நான் கேட்டேன். "மொதல்ல பேசுறது யாரு வேணா பேசலாம்டி. பதில் சொல்றதுதான் வேலை" என்றாய்.

உன் பதில் என்ன பதில்! நான் ராணிக்கு முன்னால் இருக்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுவேன். நீயும் உன் ராணிச் சிப்பாயைத் தள்ளி எதிரே நிறுத்துவாய். நான் பக்கத்துச் சிப்பாயையும் தள்ளி, இந்தா, இதைத் தின்னேன் என்று நீட்டுவேன். ஒழுங்கான மனிதர்கள் அந்த இடத்தில் தின்னாமல், தன் சிப்பாய்க்கு ஒரு முட்டுக் கொடுத்துவிட்டு அடக்கமாக உட்காருவார்கள். நீ ராஜாவுக்கு முன்னால் இருக்கிற சிப்பாயை ஒரே தள்ளாகத் தள்ளி என் வாயருகே கொண்டுவந்து வைப்பாய். "நீ பலகாரத் தட்டை நீட்டினா நானும் நீட்டுவேன். யாரு மொதல்ல கை வைக்கிறாங்க பாப்போம்."

நான் கை வைப்பேன். எனக்கு ஒரு சிப்பாய் லாபம். உடனே நீ உன் ராணிச் சிப்பாயை இன்னொரு கட்டம் முன்னே தள்ளி என் வீட்டு வாசலிலேயே நிறுத்திவிடுவாய். அதற்குப் பிறகு என் குதிரைக்கு நல்ல இடமில்லை, எனக்கு மூச்சுவிட இடமில்லை. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கும்போது ஓர் உதாரணம் சொல்வேன். அழையாத விருந்தாளி ஒருவர் கூடத்தின் நடுவில் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டார். வீடு நம்முடையதுதான், ஆனாலும் சமையலறைக்குப் போக வேண்டுமென்றால் நாம்தான் சுவரோரமாக ஒதுங்கிப் போக வேண்டும். அந்தக் கால் நீட்டல்தான் இந்த ஆட்டம்.

விருந்தாளியை அவசரப்பட்டு விரட்டுகிறவர்களுக்கென்று அதில் ஒரு பொறியும் உண்டு. வெள்ளை தன் ராஜாவுக்கு முன்னால் உள்ள சிப்பாயை ஒரே ஒரு கட்டம் நகர்த்தி 'எழுந்து போ' என்றால் போதும். நீ பிஷப்பால் ஒரு செக் வைப்பாய். மாதா கோயிலில் பூசை முடிந்து நேராக வருகிறவள் நீ. "மொதல்ல எங்க பிஷப் வந்து ஆசீர்வாதம் பண்ணுவாரு" என்பாய். வெள்ளை ஆசைப்பட்டு அந்த பிஷப்பைத் தின்றால், உன் சிப்பாய் குறுக்கே குறுக்கே தின்றுகொண்டு போய்க் கடைசி வரிசையில் ஒரு வெள்ளைக் குதிரையையும் தின்றுவிட்டு நிற்கும். கடைசி வரிசையைத் தொட்ட சிப்பாய்க்குப் பதிலாக விரும்பிய காயைக் கேட்டு வாங்கலாம்; அந்த இடத்தில் உலகமே ராணி கேட்கும். கேட்டால் ஆட்டம் கைநழுவிப் போகும். குதிரை கேட்க வேண்டும். கறுப்புக் குதிரை அங்கே நின்ற நொடியே வெள்ளை ராஜாவுக்குச் செக், அதோடு கதை முடிந்தது.

அதற்காகத்தான் இந்த ஒற்றைக் குதிரை. எல்லோரும் பெட்டியில் உபரியாக ஒரு ராணி வைத்திருப்பார்கள். நீ பர்ஸில் உபரியாக ஒரு குதிரை வைத்திருந்தாய். மன்றத்தில் எல்லோருக்கும் அந்தப் பொறி தெரியும். ஒருவரும் அந்தச் சிப்பாயைத் தொடமாட்டார்கள். அதனால் உன் குதிரை பர்ஸை விட்டு இறங்கவே இல்லை. "ஒருநாள் இறங்கும்" என்பாய், அவ்வளவுதான்.

அமைதியின் வடிவமாம். பள்ளிகளுக்கிடையே ஆசிரியர்களுக்கு நடந்த அந்தப் போட்டி நினைவிருக்கிறதா? கடைசிச் சுற்றில் மற்ற மூன்று பலகைகளும் முடிந்து, நீ மட்டும் ஆட வேண்டியிருந்தது. டிரா செய்தால் கோப்பை நமக்கு. தலைமையாசிரியர் உன் பின்னால் வந்து குனிந்து, அரைப் புள்ளி போதும் மிஸ், ஆபத்தாக எதுவும் வேண்டாம் என்று கெஞ்சினார். நீ "சரிங்க சார்" என்று தலையாட்டினாய். எதிராளி ராணிச் சிப்பாயைத் தள்ளினார். நான்கு நொடியில் உன் சிப்பாய் அவர் வாயருகே போய் நின்றது. தலைமையாசிரியர் வெளியே வராந்தாவுக்குப் போய்விட்டார். நீ யானையைப் பலி கொடுத்தாய், ராஜாவைத் துரத்தினாய், கடைசியில் தோற்றாய்.

திரும்பி வருகையில் வேனில் நீதான் டிரைவரிடம், நல்ல மசால் தோசைக் கடையாகப் பார்த்து நிறுத்தச் சொன்னாய். தலைமையாசிரியருக்குக் கோபம் தாங்கவில்லை. என்ன மிஸ் இப்படிச் செய்துவிட்டீர்கள் என்று கேட்டார். நீ தோசையைப் பிய்த்துக்கொண்டே சொன்னாய்: "நான் ஆடித் தோத்தேன் சார். பயந்து தோக்கல."

அடுத்த ஆண்டு உன்னை எடுத்துவிட்டு என்னைப் போட்டார்கள். நான் எல்லா ஆட்டங்களையும் டிரா செய்தேன். நீ கூட்டத்தில் உட்கார்ந்து ஃபிளாஸ்க்கிலிருந்து எனக்கு டீ ஊற்றிக் கொடுத்துவிட்டு, "இன்னாடி டிரா டீச்சர், கை வலிக்குதா, குலுக்கிக் குலுக்கி?" என்றாய். அன்று முதல் எனக்கு அதுதான் பெயர்.

ஆஸ்பத்திரியில் நீ படுத்திருந்த கடைசி வாரத்தில், ஒரு மத்தியானம் காந்தப் பலகையை எடுத்துக்கொண்டு வந்தேன். உன் இடது கையில் ஊசி. வலது கையால் கறுப்பை உன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டாய். வழக்கம்போல் ஆரம்பித்தோம். உன் விருந்தாளி வந்து நடுக்கூடத்தில் காலை நீட்டினான். நான் கொஞ்ச நேரம் யோசிப்பதுபோல் இருந்துவிட்டு, ராஜாவுக்கு முன்னால் இருந்த சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்தினேன். அந்தக் குதிரை ஒருமுறையாவது இறங்கட்டும் என்று நினைத்தேன். வேறென்ன கொடுக்க முடியும் உனக்கு அப்போது? நீ ஆப்பிளைக்கூடச் சாப்பிடவில்லை.

உன் விரல் பிஷப் மேல் போனது. அங்கேயே நின்றது. பிறகு கையை இழுத்துப் போர்வைக்குள் வைத்துக்கொண்டாய்.

"அந்தச் சிப்பாயைப் பழைய இடத்துல வை."

"தொட்டுட்டேனே, ஆடித்தானே ஆகணும்?"

"இவ்ளோ வருசத்துல அதை ஒரு தடவ தொட்டிருப்பியாடி நீ? இன்னைக்குத்தான் கை தவறிச்சா?" குரல் கம்மியிருந்தது, ஆனால் கண்ணில் பழைய கோபம் அப்படியே இருந்தது. "எனக்குப் பழம் குடுக்க வந்தியா, பிச்சை போட வந்தியா? ஒழுங்கா ஆடு."

சிப்பாயைத் திரும்ப வைத்தேன். ஒழுங்காகக் குதிரையை எடுத்து ஆடினேன். உன்னை ஜெயித்தேன். நீ பலகையைப் பார்த்துச் சிரித்தாய். அந்த வாரத்தில் நீ சிரித்த ஒரே சிரிப்பு அது. "இன்னொண்ணு வை. கறுப்பு எனக்கு" என்றாய். அதற்குள் நர்ஸ் வந்து என்னை வெளியே அனுப்பிவிட்டாள்.

சரி, மன்றத்துக்கு வருகிறேன். தலைவரை உனக்குத் தெரியாதா, பீன்யா ஃபேக்டரியில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர். மைக்கில், உன் குரலை யாரும் உரக்கக் கேட்டதில்லை, தோல்வியை அமைதியாக ஏற்றவர், விட்டுக்கொடுத்தே வாழ்ந்தவர் என்றெல்லாம் சொன்னார். பிறகு என்னை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்.

"அவ அமைதியானவ இல்லீங்க" என்று ஆரம்பித்தேன். தலைவர் மெதுவாக என் பக்கம் சாய்ந்து, "நல்லதா ஏதாச்சும் சொல்லுங்க டீச்சர்" என்றார்.

"அதைத்தான் சார் சொல்றேன்."

கோப்பையை இழந்துவிட்டு நீ மசால் தோசை தின்ற கதையைச் சொன்னேன். முதலில் சிலர் நெளிந்தார்கள். பின்வரிசையில் தையல் கடைக்காரர் சிரித்தார். பிறகு ஒவ்வொருவராகச் சிரித்தார்கள்.

முதல் சுற்றிலேயே எனக்கும் தலைவருக்கும் ஆட்டம். நிறம் தேர்ந்தெடுக்க அவர் இரு கையிலும் ஒவ்வொரு சிப்பாயை மூடிக்கொண்டு நீட்டினார். கறுப்பே கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். அவர் ராணிச் சிப்பாயைத் தள்ளினார். நானும் தள்ளினேன். பக்கத்துச் சிப்பாயை நீட்டினார். ராஜாவுக்கு முன்னால் இருந்த சிப்பாயை எடுத்து, உன்னைப்போலவே ஒரே தள்ளாக, அவர் வாயருகே வைத்தேன்.

"டீச்சர், நீங்களா?" என்றார்.

அவர் பொறியில் விழவில்லை. ஒழுங்காகக் குதிரையை இறக்கினார். நான் ஒரு சிப்பாய் குறைவோடு ராஜாவை வலப்பக்கம் ஒளித்துவிட்டு, இடப்பக்கச் சிப்பாய்களை வரிசையாக அவர் ராஜாவை நோக்கித் தள்ளிக்கொண்டே போனேன். என் வாழ்நாளில் அப்படி ஆடியதில்லை. தலைவர் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார். சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, டிரா செய்துகொள்ளலாமா என்று கையை நீட்டினார்.

"டிரா மாடோணா, டீச்சர்?"

நீட்டிய கையை நான் விட்டதே கிடையாது, உனக்குத் தெரியும். நினைவுப் போட்டியில் டிரா என்றால் எவ்வளவு பொருத்தம், எல்லோரும் கைதட்டியிருப்பார்கள், ஃப்ளெக்ஸுக்கும் பங்கம் வராது. நான் என் இரு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டேன்.

"பேடா, சார்" என்றேன், வேண்டாம் என்று.

தோற்றேன். கொஞ்சம் நேரமாயிற்று, ஆனால் சுத்தமாகத் தோற்றேன். தலைவர் காய்களை அடுக்கியபடி, ஏன் டீச்சர் டிரா எடுக்கவில்லை, நான் பயந்துபோய்த்தானே கேட்டேன் என்றார். பிறகு யாருக்கும் கேட்காமல், "உங்க ஃப்ரெண்டுகிட்ட உக்காந்தாலே எனக்குக் கை நடுங்கும் டீச்சர். ஒவ்வொரு வாரமும்" என்றார்.

"இதை மைக்ல சொல்லியிருக்கலாமே சார்" என்றேன்.

தோற்றுவிட்டு வீட்டுக்கு வந்து இவ்வளவு பசியோடு நான் சாப்பிட்டதே இல்லை.

இனி ஞாயிறுதோறும் போவேன். கறுப்புதான் கேட்பேன். டிரா டீச்சர் ஓய்வு பெற்றுவிட்டாள். யாரும் எனக்குப் பிச்சை போட வேண்டாம், நானும் போடமாட்டேன். ஆனால் அந்த அறையில் என்றைக்காவது ஒருவருக்குப் பொறுமை போய், நடுக்கூடத்து விருந்தாளியை விரட்டப் பார்ப்பார். ராஜாவுக்கு முன்னால் இருக்கிற சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்துவார். சுற்றி நிற்பவர்கள் எனக்காகப் பெட்டியில் ராணியைத் தேடுவார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, நான் பையைத் திறப்பேன்.