எட்டு மணி எச்சில்

டயகம
18.01.2026

தம்பி நிரோஷனுக்கு,

அம்மாவை மறுபடியும் அந்த வெடிப்பு விழுந்த மலைக்குக் கீழே அனுப்பப்போவது நீதான். போனை எடுக்கமாட்டேன் என்கிறாய், அதனால் எழுதுகிறேன்.

மண்சரிவுக்குப் பிறகு பாடசாலையில் தங்கியிருக்கிற எங்களிடம் உங்கள் பல்கலைக்கழகக் குழு எச்சில் எடுத்துப் போனதே, அதன் அறிக்கை வந்துவிட்டது. பயத்தில் ஊறும் சுரப்பு இறங்கிவிட்டதாம், சனங்கள் தேறிவிட்டார்களாம். அதைக் காட்டித்தான் தோட்டத்துப் பெரிய துரை, மாதக் கடைசிச் சனிக்கிழமை எல்லோரும் மலையடி லயத்து வீடுகளுக்குத் திரும்ப வேண்டும் என்கிறார். கூரையில் மழை விழுந்தால் அம்மா அடுப்பை அப்படியே விட்டு ஓடுகிறாள். நேற்று என் பெயரே அவளுக்கு வரவில்லை. இதுவா தேறினது?

நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா சுலக்ஷனா

கொழும்பு
21.01.2026

அன்புள்ள அக்கா,

கோபப்படாதீர்கள். நான் அந்தக் குழுவில் டியூப்பில் லேபல் ஒட்டுகிற ஆள்தான். பயம் வந்ததும் கோர்ட்டிசோல் என்கிற அந்தச் சுரப்பு ஏறும். மூளையில் ஆபத்தைத் தேடுகிற இணைப்புகளே முழு வேலையையும் பிடித்துக்கொள்ளும். சில மணி நேரம் கழித்து, யோசிக்கிற, நினைவில் வைக்கிற இணைப்புகள் மீண்டு வருவதற்கும் அதே சுரப்பு உதவுகிறது. அதற்குள் திரும்பத் திரும்பப் பயம் வரக்கூடாது. ஆனால் அளவு குறைவாகத்தானே இருந்தது? விழித்தவுடன் எடுத்த எச்சில், பிழை வராது.

அம்மாவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நிரோஷன்

டயகம
24.01.2026

தம்பி,

விழித்தவுடனா? "எழும்புனதும் ஒண்ணும் வாயில வைக்காதீங்க" என்றுதான் உங்கள் ஆட்கள் சொன்னார்கள். நம் பெண்கள் அதை விரதமாக எடுத்துக்கொண்டார்கள். நாலு மணிக்கு எழும்பி, சமைத்து, பிள்ளைகளைக் கிளப்பிவிட்டு, எட்டு மணிக்கு உங்கள் வேன் வரும்வரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. "டொக்டரு பேச்ச மீறலடி" என்று அம்மாவுக்குப் பெருமை வேறு. பக்கத்துப் பாய் ராக்காயி அத்தை, "வெத்தல இல்லாம வாயே செத்துக் கெடக்கு, எச்சிக்கு எங்கடி போவேன்?" என்று சிரித்தாள்.

தலவாக்கலை ஆஸ்பத்திரி நர்ஸ் மிஸ்ஸியிடம் கேட்டேன். "அது எழும்பின கொஞ்ச நேரத்துல ஏறும், பொறகு தன்னால எறங்கிரும். எட்டு மணிக்கு எடுத்தா கொறையத்தான் காட்டும்" என்றார்.

நீ இந்த லயத்தில் பிறந்தவன். நாலு மணிக்கு எழும்புவது உனக்குத் தெரியாதா? பிறகு எப்படி 'விழித்தவுடன்' என்று ஒட்டினாய்? பயமில்லாத சில மணி நேரம் வேண்டும் என்கிறாயே, அதை எந்தத் துரை கொடுப்பார்?

உடனே பதில் போடு.

சுலக்ஷனா

டயகம
29.01.2026

நிரோஷன்,

உன் பதில் வரவில்லை. நான் துரையிடம் போனேன். "படிச்சவங்க எழுதியிருக்காங்க, ஒனக்கு என்ன தெரியும்?" என்றார். சனங்கள் சாமான் கட்டுகிறார்கள். அம்மா கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருக்கிறாள். மழை விடவில்லை. எனக்குக் கத்தவும் தெம்பில்லை.

இதைக் கொழும்பு பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறேன்; கிடைத்ததும் நாளைக்கே பஸ் ஏறு. துரைக்கு முன்னால் நின்று, அந்த எச்சில் எத்தனை மணிக்கு எடுத்தது என்று உன் வாயால் சொல்.

சுலக்ஷனா