டிஃபரும் பிள்ளைக் காம்பராச் சுவரும்

மே 18, திங்கள்

விடியும்போதே மழை. தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகிறவர்களின் பிள்ளைகளை நான் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவின் பின்சுவர் வெடிப்புக்குள் இன்று என் விரல்கள் நுழைந்தன. போன மாதம் ஈர்க்குச்சிதான் நுழைந்தது. சுவருக்குப் பின்னால் நேராக மலை. சுவரோரம்தான் தொட்டில்கள். முன்பக்கம் மாற்றிக் கட்டினேன். அங்கே சாரல். மூன்று பிள்ளைகளுக்குச் சளி.

மலை சரியுமா என்று பார்க்க வந்த சிங்கள அதிகாரி வெடிப்பைத் தடவிப் பார்த்தார். "மெதன ஹொந்த நே, மிஸ்." இந்த இடம் நல்லதில்லையாம். சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிவிட்டார்.

பின்னேரம் ஆபீஸில் கூட்டம். தோட்டத்து மேனேஜர் தொரை, பெரிய கிளாக்கர், நான், தொழிலாளர் சார்பில் தோட்டத் தலைவர். தலைவர் வேறு யாருமில்லை, என் மாமனார். பிள்ளைகளைக் கோயில் மண்டபத்துக்கு மாற்றச் சொல்லிக் கேட்டேன். மலையை விட்டுத் தள்ளி, சமதரையில், புதுக் கட்டடம். தொரை போனைப் பார்த்தபடியே, "லெட் அஸ் டிஃபர் இட்." ஞாயிறு தேர், மண்டபத்தில் சமையல், திருவிழா முடியட்டும் என்றார்.

மாமா தலையாட்டினார். துண்டு கக்கத்தில். வெளியே வந்ததும் என்னிடம், "டிஃபர்னா என்னம்மா?"

அர்த்தம் தெரியாமலே ஆடின தலை. தூ.

மே 19, செவ்வாய்

போனில் அகராதி பார்த்தேன். டிஃபர்: தள்ளிவை, ஒத்திப்போடு. இன்னொன்று: ஒருவர் சொல்லுக்கு மதிப்புக் கொடுத்து இணங்கிப் போ. ஓ.எல். பரீட்சையில் ஆங்கிலத்துக்கு எஸ், வெறும் பாஸ், எடுத்தவள்தானே, சொந்தமாக வாக்கியம் அமைத்துப் பார்த்தேன்.

கம்பெனி கக்கூஸ் கட்டுவதை டிஃபர் செய்தது.
கம்பெனி லயத்து வீடுகளின் கூரையை டிஃபர் செய்தது.
மாமா தொரைக்கு டிஃபர் செய்தார். தொரை கொழும்புக்கு டிஃபர் செய்தார்.

போதும். எழுதவே கை கூசுகிறது.

நாத்தனார் ராணியின் மகன் தர்ஷன் வரவில்லை. காய்ச்சலாம். பால்மா முடியப் போகிறது, சொல்ல வேண்டும்.

மே 21, வியாழன்

மழை, மழை. வெடிப்பிலிருந்து செந்தண்ணீர். சாக்கு வைத்து அடைத்தேன். அடைத்துக்கொண்டே தாலாட்டு வேறு.

சாப்பிடும்போது மாமாவிடம் மறுபடி.

"மாமா, மண்டபத்துல ஒரு ஓரம் போதுங்க. சமையல் பக்கமே வரமாட்டோம்."

"தொரை சொல்லிட்டாரு. மீறுனா பரிவட்டத்துக்கு வருவாரா? நல்ல காரியத்த வச்சுக்கிட்டு வம்பு வேணாம்மா."

பரிவட்டம்! தேரன்று தொரை தலையில் அந்தப் பட்டுத்துணியைக் கட்டினால்தான் இங்கே தேர் நகரும். வெள்ளைக்காரத் தொரை காலத்திலிருந்து இதே கூத்து. வெள்ளைக்காரன் போயும் துணி போகவில்லை.

தர்ஷனுக்கு இன்னும் காய்ச்சலாம். பாவம்.

மே 24, ஞாயிறு

தேர். தொரைக்கு லேட். சாமி மழையில் நனைந்தபடி காத்துக்கொண்டிருந்தது. பொங்கல் ஆறிப்போனது. மேளக்காரர் உட்கார்ந்தே தூங்கினார். கடைசியில் ஜீப். பரிவட்டம், மாலை, போட்டோ. அப்புறம்தான் வடம் பிடித்தார்கள். சாமியையே டிஃபர் செய்கிறவர்கள், நான் யார்?

கூட்டத்தில் தர்ஷன்! கையில் பலூன், குதித்து ஓடுகிறான். பிடித்து நெற்றியில் கை வைத்தேன். சூடே இல்லை.

"காய்ச்சல் எப்ப விட்டுச்சு ராணி?"

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "காய்ச்சலே இல்ல அண்ணி. அப்பாதான்... அன்னிக்கு கூட்டம் முடிஞ்சு நேரா எங்க வீட்டுக்கு வந்தாரு. அந்தச் சுவரு நிக்காது, புள்ளய அனுப்பாதன்னாரு. ஒங்ககிட்ட சொல்ல வேணாம்னாரு."

ராணியைக் குற்றம் சொல்லமாட்டேன், பெற்றவள். ஆனால் அந்த மனுஷன்! தன் பேரனுக்கு அன்றைக்கே. ஊரான் பிள்ளைகளுக்குத் திருவிழா முடிந்து. அன்னதானத்தில் அவர் கையாலேயே என் இலையில் சோறு வைத்தார். இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டேன்.

மே 25, திங்கள்

தூறல். திருவிழா முடிந்ததே என்று கேட்டேன். மாமா: "தொரை கொழும்புக்குப் போயிட்டாரு. வரட்டும், பேசுவோம்." இடுப்பில் சாவியைச் செருகிக்கொண்டு கிளம்பினேன்.

பிள்ளைக் காம்பராவைத் திறக்கவில்லை. வாசலில் நின்றேன். இடுப்பில் பிள்ளையும் முதுகில் கூடையுமாகத் தாய்மார் எல்லாரும் வந்தார்கள். கொழுந்துக்கு நேரமாச்சு என்று முணுமுணுப்பு. நான் அழவில்லை, கத்தவில்லை. ஒன்றே ஒன்றுதான் சொன்னேன்.

"தலைவர் பேரன் செவ்வாய்க்கெழமையில இருந்து இங்க வரல. காய்ச்சல் இல்ல. சுவரு நிக்காதுன்னு அவருதான் அனுப்ப வேணாம்னு சொல்லியிருக்காரு."

முன்னால் நின்ற மாரியாயி கூடையை அங்கேயே இறக்கி வைத்தாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மண்டபத்தைப் பார்த்து இறங்கினாள். மற்றவர்களும் பின்னாலேயே. சமையல் பாத்திரங்களை ஒதுக்கிவிட்டு உத்தரத்தில் சேலைகளைக் கட்டினோம். ஒருத்தியும் கொழுந்து பறிக்க மலைக்குப் போகவில்லை.

மாமா மூச்சிரைக்க ஓடி வந்தார். "தொரைகிட்ட ஒரு வார்த்தை கேக்காம என்ன இது?"

மாரியாயி முடிச்சை இறுக்கிக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்:

"ஒங்க பேரனையும் கொண்டாங்க தலைவரே. எடம் இருக்கு."

மாமா தோளிலிருந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.