வில்லையில் இருந்த என் பெயர்

அன்பு மச்சான்,

பித்தளையில் வியர்வை பட்டால் வருகிற நாற்றம் உனக்குத் தெரியும். இன்று காலை மருதானையில் டிராமின் கைப்பிடியைப் பிடித்தேன். கொட்டாஞ்சேனைக்கு வந்து சேர்ந்த பிறகும் கையில் அதே நாற்றம். துறைமுக வாசலில் சுடப்பட்டுச் செத்தவர்களை நினைக்கும் நாள் இன்று. வழக்கம்போல என் சாவுக்கு நானே மாலையோடு போனேன்.

அன்றைக்கு எனக்குக் காய்ச்சல். வேலைநிறுத்தத்தில் சேர்ந்தவர்கள் எல்லோரும், வேலைக்கு அடையாளமாகப் பெயர் வெட்டித் தந்த பித்தளை வில்லையைத் துறைமுக வாசலில் எறிந்துவிட்டு வரவேண்டும் என்று பேச்சு. "நீ படு மச்சான், உன்ரயையும் நான் எறியிறன்" என்று வாங்கிக்கொண்டு போனாய். உன்னுடையதை முதலில் எறிந்தாயாம். என்னுடையது உன் சட்டைப்பையில் இருக்கும்போதே வெடி விழுந்தது. பொலிஸ்காரர்கள் அதைப் பார்த்து என் பெயரை எழுதி, உன்னைத் தாங்களே புதைத்துவிட்டார்கள்.

நான் உயிரோடு போய் நின்று சொல்லியும் ஒன்றும் மாறவில்லை. நினைவுக் கூட்டம் நடத்துகிறவர்கள் தேத்தண்ணி தந்து, "செத்த ஆக்களின்ர பேர்ப் பலகையில எழுதியாச்சு. வாற வருசம் பாப்பம்" என்பார்கள். செத்தவனுக்குத் தேத்தண்ணி கொடுக்கிறோமே என்று சிரிப்பு வேறு. எனக்குப் பற்றி எரியும்.

இந்த முறை உன் அம்மா வத்தளையிலிருந்து வந்திருந்தார். கண்பார்வை போய்விட்டது. "பலகை எனக்கென்னத்துக்கு, தம்பி? அவன்ர பேரை ஒருக்காக் கூப்பிட்டாக் காணும்" என்றார்.

மேடையில் பெயர்களை வாசித்தார்கள். என் பெயர் வந்தது. எல்லோரும் தலை குனிந்து நின்றார்கள். காலையில் கங்காணி பெயர் கூப்பிட்டால் வாசலில் நின்று சொல்வோமே, அதைச் சத்தமாகச் சொன்னேன்: "வந்திட்டன்." தலைகள் திரும்பின. மேடையில் நின்றவர் கையைக் காட்டிப் பேசாமல் இருக்கச் சொன்னார். நான் இருக்கவில்லை. கங்காணி கூப்பிடுகிற மாதிரியே, தகப்பன் பெயரோடு சேர்த்து, உன் பெயரைக் கூப்பிட்டேன்.

பிறகு உன் அம்மா, வேலைக்கு வராத மகனுக்காக மன்னிப்புக் கேட்கிறவர் போல, மெதுவாகச் சொன்னார்: "அவன் வரேல்லை, தம்பி."

அதற்குமேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. அவர் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் வத்தளை பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தேன்.

பொலிசுக்கு நான் செத்தவன், கங்காணிக்கு இல்லை. நாளைக் காலை வாசலில் என் பெயரைக் கூப்பிடுவான். அம்மாவின் குரல் காதில் இருக்க, "வந்திட்டன்" என்று எப்படிச் சொல்லப்போகிறேன், மச்சான்?